நாங்கள் எண்டால் ஆர் ஆர்?

போன ஐப்பசியில் எங்கட குழுவுக்கு ஒரு பதாகை அடிக்க வேண்டி வந்தது. வல்வெட்டித்துறையில் எங்கட வயதுப் பிள்ளைகளோடு ஒரு கலந்துரையாடல். தலைப்பு 'இன்க்ளூஷன்'. அதை அப்படியே தமிழெழுத்தில் போட ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. "தமிழில என்னெண்டு சொல்லுறது?" என்று தொடங்கின கதை மூன்று தரம் பிளேன்ரீ ஊத்தியும் முடியவில்லை.

முதல் வந்த சொல் உள்ளடக்கம். 'உள்ளடக்கிய அபிவிருத்தி' என்று திட்ட அறிக்கைகளில் வாசித்துப் பழகினதுதான். ஆனால் உள்ளடக்கம் எண்டால் எங்களுக்குப் புத்தகத்தின் முன்பக்கம்தான் ஞாபகம் வரும். போதாக்குறைக்கு அதுக்குள் ஒரு 'அடக்கு' வேறு இருக்கிறது. அடுத்தது உள்வாங்கல். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளிடம் அது எடுபடாது. 2004 மார்கழிக்குப் பிறகு இங்கே உள்வாங்குவது கடல் ஒன்றுதான், அது உள்வாங்கினால் ஓடவேணும். மூன்றாவது உட்படுத்தல். ஆசிரியப் பயிற்சியில் இருக்கிற ஒருத்தி தாங்கள் 'உட்படுத்தல் கல்வி' என்று படிப்பதாகச் சொன்னாள். சொல்லில் பிழையில்லை. ஆனால் சோதனைக்கு உட்படுத்தல், விசாரணைக்கு உட்படுத்தல் என்று பேப்பரில் வாசித்து வளர்ந்த எங்களுக்கு, அதைக் கேட்டவுடன் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடுகிறது.

கடைசியில் 'எல்லாரையும் சேர்ப்போம்' என்று அடித்தோம். நல்ல பெரிய எழுத்து.

கூட்டம், தெரிந்த ஒருவரின் வீட்டு மேல்மாடியில். ஒடுங்கின படி, கைபிடி இல்லை. எங்கட நண்பன் ஒருவன் 2009இல் வன்னியில் ஒரு காலை இழந்தவன், அப்போது அவனுக்குப் பத்து வயது. செயற்கைக்காலோடு சைக்கிளும் ஓடுவான். ஆனால் அந்தக் கிழமை கால் உரசிப் புண்ணாகி, ஊன்றுகோலோடு வந்திருந்தான். ஒரு மணித்தியாலம் நாங்கள் மேலே இருந்து 'சேர்ப்பது' பற்றிக் கதைத்தோம். தண்ணீர் எடுக்கக் கீழே போனவள்தான் அவனைக் கண்டாள். மதிலில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சத்தம் வைச்சிருந்தா தூக்கிக்கொண்டு போயிருப்பமே" என்றோம்.

"அதுதான் சத்தம் வைக்கேல்லை" என்றான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "எங்க வைக்கிறதெண்டு என்னட்டக் கேட்டிருந்தா கீழ வையுங்கோ எண்டு சொல்லியிருப்பன். எல்லாத்தையும் முடிவெடுத்துப்போட்டு என்னைச் சேர்க்கப் பாக்கிறியள்" என்றான்.

அண்டைக்கு ஒருத்தரும் வடிவாகச் சாப்பிடவில்லை. ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு வழக்கு இருக்கிறதே, விளையாட்டில் சின்னப் பிள்ளையைக் கணக்கில்லாமல் சேர்த்துக்கொள்ளுவதற்கு. கால் ஏலாதவரைக் குறிக்கிற சொல்லை வைத்துத்தான் அதையும் செய்திருக்கிறார்கள். நாங்களோ அவனை ஒப்புக்குக்கூட இருத்தவில்லை.

அவன் சொன்னதைப் பிறகு திருப்பித் திருப்பிக் கதைத்தோம். உள்ளடக்கு, உள்வாங்கு, உட்படுத்து, சேர்: எல்லா வினைக்கும் எழுவாய் உள்ளே இருக்கிறவர்தான். வெளியே நிற்பவர் செயப்படுபொருள். கதவு ஆரிடம் இருக்கிறதோ அவருடைய வினை அது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இதுக்கு வேறு சொற்களும் இருந்திருக்கின்றன. சாதியின் பேரால் சில பிள்ளைகளை வாங்கில் ஏறவிடாமல் நிலத்தில் இருத்தின பள்ளிக்கூடங்களில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த கோரிக்கைகளின் பெயர் சம ஆசனம், சம போசனம். வாங்கும் இலையும் கண்ணுக்குத் தெரிகிற சொற்கள். பிறகு தேநீர்க்கடைப் பிரவேசம், ஆலயப் பிரவேசம். பிரவேசிப்பவர் வெளியே நிற்கிறவர். எழுவாய் அவர்தான், ஒருத்தரும் அவரைச் 'சேர்க்க'வில்லை. பொது இடங்களில் சாதி காரணமாக மறிப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். (குறைபாடு சமூகத்தினது என்று அந்தப் பெயர் சொல்லுவது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.) ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆட்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமே முன்னுக்கு நின்று மறித்தார். அந்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரைக்கும் போனது. வல்வெட்டித்துறையில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. எந்த ஊரிலும் வயதானவர்களிடம், தலையாட்டுவதோடு நிக்காமல், ஒருக்கால் கேட்டுப்பாருங்கள்.

இன்னொரு சொல்லும் அகப்பட்டது. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விட்டுச் சொன்னால் 'நாங்கள்'. இந்த முதலாவதுக்கு இலக்கணத்தில் பெயர் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. ஆங்கிலத்தின் 'வீ'யிலும் சிங்களத்தின் 'அபி'யிலும் இந்தப் பிரிப்பு இல்லை. பகிடி என்னவென்றால், யாழ்ப்பாணத்துப் பேச்சில் எங்களுக்கும் அது இல்லை. 'நாம்' மேடையில்தான் வரும். வீட்டில், வீதியில் எல்லாத்துக்கும் 'நாங்கள்'தான், ஆர் உள்ளே ஆர் வெளியே என்று சொல் காட்டித்தராது.

அந்த 'நாங்கள்' நல்லா இழுபடும். இங்கே கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போனது. அதை "நாங்கள் அனுப்பின கப்பல்" என்று சொல்லுகிறோம், எங்களில் ஒருத்தருடைய அப்பா அம்மாகூட அப்ப பிறக்கவில்லை. 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்ததும் "எங்கட" சாதனை. அவ்வளவு தூரம் போகிற சொல் ஒரு மாடிப்படி இறங்கவில்லை.

அதுக்குப் பிறகு கூடும் இடத்தை அவன்தான் சொன்னான்: தன்ர வீட்டு விறாந்தை. பதாகை அங்கே மழைச்சாரலுக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறது. தைப்பொங்கல் பட்டத்துக்கும் அங்கேதான் மூங்கில் சீவினோம். அவன் கொக்குப் பட்டம்தான் என்று நின்றான். மற்றவர்கள் எட்டுமூலை. கை உயர்த்திப் பார்த்தோம், தோத்துப்போனான். இரண்டு நாள் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, நாங்கள் கட்டின முச்சையை அவிட்டெறிஞ்சுபோட்டுத் தான் கட்டினான்.

பொங்கலண்டு உதயசூரியன் கடற்கரையில் எட்டுமூலை விண் கூவக்கூவ ஏறிச்சுது. தென்னை உயரம் தாண்டினவுடன் சுத்தி, தலைகீழாகக் குத்திச்சுது. முச்சையில் பிழை என்று நாங்கள் சொல்லுகிறோம். வால் பாரம் காணாது, அதுவும் நாங்கள் கட்டின வால் என்று அவன் சொல்லுகிறான். மாசி பிறந்தும் சண்டை முடியவில்லை.