மணிக்கு யார் டெஸ்ட் எடுப்பாங்க?

2021 மே மாசம் எனக்கு கொரோனா வந்துச்சு. உரம் வாங்கப் போன இடத்துலயா, சாவு வீட்டுக்குப் போனப்பவா தெரியல. திருவள்ளூர்ல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்க, பாசிட்டிவ். வீட்ல பேரப்பசங்க ரெண்டு பேர். அதனால கழனியில இருக்கிற மோட்டார் கொட்டாய்ல கட்டில் போட்டுப் படுத்துட்டேன். வீட்டுக்காரம்மா சோத்துத் தூக்க வரப்புல வெச்சிட்டு, தள்ளி நின்னு ஒரு குரல் குடுத்துட்டுப் போவாங்க.

தனியா இருக்கணும்னு மணிக்கு மட்டும் யாரும் சொல்லல. கால்மாட்டுலயே படுத்துக்கும். காய்ச்சல்ல வாய் கசந்து, பாதி சோறு இறங்காது. மிச்சத்த அப்படியே தட்டோட அதுக்குத் தள்ளிடுவேன். தப்புன்னு அப்ப தோணல.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மணி இரும ஆரம்பிச்சுது. மூக்குல தண்ணி. கறிக்குழம்பு சோறு வெச்சாலும் மோந்துட்டு திரும்பிக்குது. யார்கிட்டயும் சொல்லல நான்.

அந்த நேரம் பார்த்து வண்டலூர் சேதி வருது. ஜூன் 3-ம் தேதி நீலான்னு ஒன்பது வயசு பெண் சிங்கம் செத்துப் போச்சு. 11 சிங்கத்தோட மாதிரிய போபால்ல இருக்கிற விலங்கு நோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புனதுல 9 சிங்கத்துக்கு கொரோனா. ரெண்டு வாரத்துல ஒரு ஆண் சிங்கமும் போயிடுச்சு. ஜனங்கள வாரிக்கிட்டுப் போன அதே டெல்டா தான் சிங்கத்துக்கும்.

மறுநாளே மச்சான் வந்து வரப்புல நின்னான். மணி இருமுறத பார்த்துட்டான். "மாமா, கூண்டுல இருக்கிற சிங்கத்துக்கே வருது, இதுக்கு வராதா? வீட்ல புள்ளைங்க இருக்கு. நான் பூண்டி பக்கம் கொண்டு போய் வுட்டுட்டு வந்துடறேன்" அப்படின்னான். அவன் கெட்டவன் இல்ல. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் ஏற்கெனவே அப்படித்தான் செஞ்சாரு. போன வருஷமே வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்திச்சு, நாய்க்குப் போடற தடுப்பூசி டப்பாவுல 'கொரோனா'ன்னு எழுதியிருக்கும். அது குட்டி நாய்க்கு வயித்தால போக வைக்கிற வேற கிருமி, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேர் ஒண்ணா இருந்தா போதுமே நம்மாளுக்கு.

மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, நாய்க்கு கொரோனா டெஸ்ட் எங்க எடுப்பாங்க?"

சிரிக்கல அவங்க. உங்களுக்கு எடுத்த மாதிரியே தான், மூக்குலயும் ஆசன வாயிலயும் குச்சி விட்டு எடுத்து அதே பிசிஆர் பண்ணணும்னாங்க. "சிங்கத்துக்கு சர்க்கார் போபாலுக்கு அனுப்பும், உங்க மணிக்கு யார் அனுப்புவா? சரி, பாசிட்டிவ்னு வருதுன்னு வெச்சிக்கோங்க, என்ன பண்ணப் போறீங்க? தனி மருந்து கிடையாது. அதால உங்களுக்கு வரலைங்க, உங்களால தான் அதுக்கு வந்திருக்கும். உங்க தட்டுல சோறு வைக்காதீங்க, தனியா கட்டி வைங்க, தண்ணி நிறைய குடுங்க."

போன வெச்சிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பின்னாடி பையன் படிச்சுச் சொன்னான். நெதர்லாந்துல நோயாளிங்க இருந்த 196 வீட்டுக்குப் போய் 310 நாய் பூனைக்கு டெஸ்ட் எடுத்திருக்காங்க. 6 பூனை, 7 நாய்க்கு கிருமி இருந்துச்சாம். ரத்தத்த பார்த்தா 54-க்கு வந்து போன அடையாளம். பெரும்பாலும் லேசா தான் இருந்திருக்கு. அங்கயும் ஜனங்ககிட்டயிருந்து தான் அதுங்களுக்குப் போயிருக்குன்னு எழுதியிருக்காங்க. ஹாங்காங்ல 2020-லயே முதல்ல மாட்டுன 17 வயசு பொமரேனியனுக்கும் வளர்த்தவங்ககிட்டயிருந்து தான் வந்துச்சாம். 2022-ல ஹரியானா ஹிசார்ல நாய், சிங்கம், சிறுத்தைக்கெல்லாம்னு அங்கோவாக்ஸ்னு ஒரு தடுப்பூசி கண்டுபிடிச்சாங்க. நாய் ரத்தத்துல கொரோனா வந்து போச்சான்னு பார்க்கிற கிட்டும் கூடவே வந்துச்சு. எங்க ஊர் மாட்டாஸ்பத்திரியில ரெண்டையும் நான் பார்த்ததில்ல.

மச்சான்கிட்ட வேணாம்னுட்டேன். ரெண்டு நாள் பேசல அவன்.

என் நாள் முடிஞ்சு குளிச்சிட்டு வீட்டுக்குப் போனேன். மணிக்கு இருமல் நிக்கல. புள்ளைங்கள நினைச்சு, அத கொட்டாய் தூண்லயே கட்டிட்டு வந்தேன். ராத்திரி அது ஊளையிடறது வீடு வரைக்கும் கேக்கும். "போய் பார்த்துட்டு வந்துடுங்களேன்" அப்படின்னு வீட்டுக்காரம்மாவே சொல்லுவாங்க. டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் கொஞ்ச நேரம் தள்ளி உக்காந்துட்டு வருவேன்.

வந்தது கொரோனாவா, வெறும் சளியா, இன்னி வரைக்கும் தெரியாது. ஒரு வாரத்துல தானா தின்ன ஆரம்பிச்சுது. எட்டாம் நாள் காலையில கயித்த அவுத்தேன். வீட்டுக்குத் தான் ஓடும்னு நினைச்சேன். கொட்டாய்க்குள்ள போய், கட்டில் கீழ ஒரு தடவ மோந்து பார்த்துட்டு, அப்புறம் தான் என் பின்னாடி வந்துச்சு.