472 ரூபாய்க்கு ஒரு வழக்கு

கச்சேரி, நாடகம், காமெடி ஷோ எது ரத்தானாலும் 'டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும்' என்று அறிவிப்பு வந்துவிடுகிறது. படிப்பவர்களுக்கும் நிம்மதி. ஆனால் டிக்கெட் பணம் வேறு, கையிலிருந்து போன பணம் வேறு.

தாம்பரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் ஒரு மழைக்காலத்தில்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அறுபது வயது நிறைகிறது. ரேடியோவிலேயே கேட்டுப் பழகிய பாட்டுகளை ஒரு தடவையாவது மேடையில் நேரில் கேட்கட்டும் என்று, மெல்லிசை நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கெட் எடுத்தார். ஒன்று 1,500 வீதம் 6,000 ரூபாய். டிக்கெட்டுக்கு 100 வீதம் முன்பதிவுக் கட்டணம் 400. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 72. ஆக மொத்தம் 6,472. தீபாவளிக்கு ராத்திரி பகலாகத் தைத்துச் சேர்த்த காசு.

மழையால் நிகழ்ச்சி ரத்தானது. பத்து நாளில் 6,000 வங்கிக் கணக்குக்கு வந்தது. 472 வரவில்லை. கேட்டதற்கு, "முன்பதிவுக் கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று பதில்.

"விடுடி, ஆறாயிரம் வந்ததே பெரிசு" என்றார் அம்மா.

"மூணு ஜாக்கெட் கூலிம்மா அது. தைக்காத ஜாக்கெட்டுக்கு நான் கூலி வாங்குவேனா?"

கணவர் குறுக்கிட்டார். "கல்யாணம் நின்னு போச்சுன்னா, தைச்சுக் கொடுத்த ஜாக்கெட்டுக்குக் கூலி வேண்டாம்னு சொல்லிடுவியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. முன்பதிவுத் தளம் இருக்கையை ஒதுக்கி, பணத்தை வாங்கி, டிக்கெட்டை அனுப்பியதும் அதன் வேலை முடிகிறது. நிகழ்ச்சியை ரத்து செய்தது அது அல்ல. ரயிலிலும் இதே வழக்கம்தான். ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுக் கட்டணமும் தானாகத் திரும்பும். இணையச் சேவைக் கட்டணம் திரும்பாது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கூலி வாங்குவேன். ஆனா கல்யாணத்தை நிறுத்தினவங்க அதைக் கொடுக்கணும். கூப்பிட்ட விருந்தாளிகிட்டயா வசூல் பண்ணுவாங்க?"

விஷயமே இதுதான். தளத்துக்கு உழைப்புக்கான கூலி சேரட்டும். அதை ரத்து செய்த அமைப்பாளர் தரவேண்டுமா, ரத்தானதில் எந்தப் பங்கும் இல்லாத ரசிகர் தரவேண்டுமா?

தள்ளிவைப்பு என்றால் சிக்கல் இன்னும் கூடும். 2023 ஆகஸ்ட் 12-ல் சென்னையில் நடக்க வேண்டிய ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10-ல் பனையூரில் நடந்தது. கூட்ட நெரிசலில், டிக்கெட் இருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் அது உதவியது.

எனவே, டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்து அறிவிப்பு மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. தேதி மாறினால், பணம் திரும்பக் கேட்கக் கடைசி நாள் எது என்று உடனே பார்க்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

தாம்பரத்துப் பெண் 1915-க்குப் பேசிவிட்டார். அமைப்பாளருக்கும் தனியாக ஒரு கடிதம் போயிருக்கிறது. "விடுடி" என்ற அம்மாதான் இப்போது தினமும் கேட்கிறார்: "என்னடி, பதில் வந்துச்சா?"