லொறி இலக்கம்

கண்டக்குழியில் எங்கள் பிழைப்பு ஒரு முச்சக்கர வண்டியை நம்பித்தான். 1990இல் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த எனக்கு, என் பெயரில் எழுதிய முதற் பொருள் அது. லீசிங் கட்டி முடியும்வரை முழுக் காப்புறுதி கட்டாயமாக இருந்தது. முடிந்ததும், நாலு காசு மிஞ்சட்டுமே என்று மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மாறினேன். பத்திரம் இருந்தால் பொலிஸ் பிடிக்காது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை பாலாவி வீதியில், முன்னே போன லொறியிலிருந்து மரக்கட்டையொன்று விழுந்தது. முன்கண்ணாடி நொறுங்கிற்று, முன்சில்லும் வளைந்துவிட்டது. அல்லாஹ்வின் காவல், மகனுக்குக் காயமில்லை. லொறி நிற்கவேயில்லை.

காப்புறுதிக் கந்தோரில் இருந்த பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்: "உம்மா, இது உங்கட வண்டியால மத்தவங்களுக்கு வாற நட்டத்துக்குத்தான். உங்கட வண்டிக்கு இல்ல. லொறி நம்பர் இருந்தா பொலிஸ்ல முறைப்பாடு போட்டு, அவங்கட காப்புறுதியில கேட்டுப் பார்க்கலாம்."

நம்பரா? மகன் பார்த்தது கட்டையை மட்டும்.

வீதியில் ஏற்கெனவே கிடந்த கல்லில் மோதியிருந்தால் அப்படிக் கேட்கவும் ஆளில்லையாம். முழுக் காப்புறுதிதான் கைகொடுக்கும். மகளுக்கென்று கட்டிய சீட்டை எடுத்து வண்டியைத் திருத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை. காப்புறுதி புதுப்பிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இடியப்பம் விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வருகிறேன்.