விண்ணிலே கண், மண்ணிலே கை

வானை ஆராயப் பணம் செலவிடுவதா, அன்றி நாம் வாழும் நிலத்தையும் நீரையும் காற்றையும் காப்பதற்கு அதனைச் செலவிடுவதா என்னும் வாதம், ஜித்ரா வட்டாரத்துத் தோட்டங்களிலும் காப்பிக் கடைகளிலும் யான் பன்முறை கேட்டதொன்றாகும். “புகையால் மூச்சடைக்கின்றது, இவர்களுக்கு விண்வெளி ஒரு கேடா?” என்பர் முதியோர். அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று.

2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் டாக்டர் ஷேக் முஸாபர் சுக்கோர் ரஷ்ய விண்கலத்தில் ஏறி, மலேசியாவின் முதல் விண்வெளி வீரரானார். இறுதித் தேர்வில் நின்ற நால்வருள் தமிழ்ப் பெண்மணி வனஜாவும் ஒருவர். அக்காலத்தில் மாணவனாயிருந்த எனக்கு அது பெருமையாகவே இருந்தது. அப்பயணமோ, ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய உடன்பாட்டின் பகுதியாக நமக்குக் கிடைத்தது. அவர் செல்லாதிருந்தால் அப்பணம் ஆற்றைத் தூய்மை செய்ய வந்திருக்கும் என்பது கணக்கறிந்தோர் கூற்றாகாது. விண்வெளியைக் குறை கூறுவோர் போர் விமானங்களைப் பற்றி வாய் திறவாமை வியப்பே.

இனிப் புகையைக் காண்போம். சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடுகளும் சதுப்பு நிலங்களும் எரியும்பொழுது, தீ எழும் இடங்களைத் துணைக்கோள்கள் கண்டறிகின்றன. சிங்கப்பூரிலுள்ள ஆசியான் வானிலை நிலையம் அவற்றை வரைபடமாக வெளியிடுகின்றது. புகைமூட்டத்தைத் தடுக்கும் ஆசியான் உடன்படிக்கை 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தாயிற்று. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதனை ஏற்றதோ 2014-இல். அதன் பின்னரும் 2015-இலும் 2019-இலும் புகை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. கண் கண்டது, கை எழவில்லை.

நம் கெடாவிலேயே மற்றொரு சான்றுண்டு. 2018-இல் சீனா அயல்நாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை ஏற்க மறுத்தபின், அக்குப்பை சுங்கைப்பட்டாணிக்கும் வந்து எரிக்கப்பட்டது. அதனை அறியத் துணைக்கோள் வேண்டியிருக்கவில்லை. ஊராரின் மூக்கே போதுமாயிருந்தது.

கண்ணும் கையும் ஒன்றுபட்டால் யாது நிகழும் என்பதற்கு ஒடிசாவை நோக்குக. 1999-இல் அங்கு வீசிய புயலில் ஏறத்தாழ 10,000 மக்கள் மாண்டனர். அன்றும் துணைக்கோள்கள் இருந்தன. புகலிடங்களும் ஆயத்தமுமே போதவில்லை. 2013-இல் பைலின் புயல் அதே மாநிலத்தின் கரைக்கு வந்தபொழுது, அரசு ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றிற்று. மாண்டோர் 50-க்கும் குறைவு.

யான் தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணி. புகை கடுத்த நாளிலும் மரம் சீவுவோர் வெளியிலேயே உழைத்தாக வேண்டும். இருமிப் படுத்த நாளுக்குக் கூலியில்லை. அவர்தம் பெயருக்கு நேரே கட்டத்தை வெறிதாக விடும்பொழுது, எங்கோ ஒருவர் மூட்டிய தீக்கு இவர் ஏன் தண்டம் செலுத்துகின்றார் என்றே எண்ணுவேன். விண்வெளிச் செலவை நிறுத்திவிட்டால் இக்கட்டம் நிரம்பிவிடாது. தீ மூட்டியவனைச் சட்டம் பிடித்தாலன்றி அது நிரம்பாது.

ஆதலின், அன்பர்களே, புகழுக்காகச் செல்லும் பயணங்களைக் குறைப்பதில் எனக்குத் தடையில்லை. பூமியை நோக்கும் துணைக்கோள்களுக்கான செலவைக் குறைத்தலாகாது. ஆயின் வாக்குக் கேட்டு வருவோரிடம் ஒன்றை வினவுங்கள்: “தீ எங்கே என்பது தெரிந்துவிட்டது, அதனை மூட்டியவன்மீது எடுத்த நடவடிக்கை யாது?” அதற்கு விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.