மீனு சொன்ன முதல் வார்த்தை

எங்கள் பத்திரிகையில் குழந்தை வளர்ப்புப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் படித்து, டாக்டர்களைக் கேட்டுப் பதில் எழுதுவது சில காலமாக என் பொறுப்பு. "என் குழந்தைக்குப் பத்து மாதம். இன்னும் 'அம்மா' என்று சொல்லவில்லையே!" என்று வாரத்துக்கு ஒரு கடிதமாவது வரும். "கவலை வேண்டாம். முதல் வார்த்தை ஒரு வயதை ஒட்டித்தான் வரும். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆகலாம்" என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவேன். பதில் சரியானதுதான். ஆனால் அது பாதிப் பதில் என்பது என் வீட்டிலேயே ஒரு குழந்தை வளர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மீனு மூன்றாம் மாதத்தில் "ங்கா" என்றாள். குழந்தை "ங்கா" என்றால் பால் கேட்கிறது என்று நம் வீடுகளில் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். வயிறு நிறைந்து, மல்லாந்து படுத்து, மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான் அது அதிகம் சொல்லும் என்பதை யாரும் கவனிப்பதில்லை! என் மாமியார் அந்த "ங்கா"வைத் திருச்சியிலுள்ள என் நாத்தனாருக்குத் தொலைபேசியில் கேட்கச் செய்தார். ஒரே கொண்டாட்டம், போங்கள்.

அப்புறம் மாதங்கள் ஓடின. எதிர் வீட்டில் மீனுவுக்குப் பதினைந்து நாள் இளையவனான ஒரு பையன். ஏழாம் மாதத்திலேயே அவன் கச்சேரியை ஆரம்பித்துவிட்டான். காலையில் "பபபப", மத்தியானம் "மமமம", சாயங்காலம் "தாதாதா." "தாத்தா என்கிறான், கேட்டீர்களா!" என்று அவன் பாட்டனார் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். வாஸ்தவத்தில் அந்தப் பையனுக்குத் தாத்தாவும் ஒன்றுதான், தலையணையும் ஒன்றுதான். உதட்டை மூடித் திறந்தால் "ப", நாக்கைப் பல்லண்டை வைத்து எடுத்தால் "த" என்று தானே செய்து, தானே காதால் கேட்டு, மறுபடி செய்து பார்க்கிற சாதகம் அது. இந்தச் சாதகம் ஆறு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் தொடங்கும்.

மீனுவோ பத்தாம் மாதத்திலும் "ஆ...", "ஊ..." என்பதோடு நின்றாள்.

"குமரகுருபரர் ஐந்து வயசு வரைக்கும் பேசவே இல்லையாம். திருச்செந்தூரில் வாய் திறந்து அப்புறம் மீனாட்சி மேலேயே பிள்ளைத்தமிழ் பாடினார். நம் மீனாட்சிக்கு என்ன அவசரம்?" என்றார் மாமியார். சொன்னதோடு நிற்கவில்லை. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய், பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மீனு தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். கீழ் வீட்டுக்காரரும் மேலே வந்து பார்த்தார். "காது கேட்கிறதா இல்லையா, நீயே சொல்லம்மா!" என்றார் மாமியார். என்னத்தைச் சொல்வது? கேட்கத்தான் கேட்டது.

அந்த வாரம் மழலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. குழலுக்கும் யாழுக்கும் மேலாக வள்ளுவர் அதை வைத்ததில் ஆரம்பித்து, டார்வின் வரைக்கும் போனேன். குரங்கையும் மனிதனையும் முடிச்சுப் போட்டாரே, அதே டார்வின்தான். 1839-ல் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எடுத்து வைத்திருந்த குறிப்புகளை 1877-ல் அச்சிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தப் பிள்ளை சாப்பாட்டுக்குத் தானே ஒரு சொல் கண்டுபிடித்ததாம். என்ன சொல் தெரியுமா? "மம்!" நம் வீட்டு "மம்மு" லண்டனிலும் வெந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அதில் காது கேளாத குழந்தைகளைப் பற்றி இருந்தது. "ங்கா"வை அவர்களும் மற்றக் குழந்தைகளைப் போலவே சொல்வார்களாம். "பபப, ததத"தான் உரிய காலத்தில் வருவதில்லை. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் வெளியிட்ட செய்தி ஒன்றும் இருந்தது. சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகள், அதே வயதில் கை விரல்களால் மழலை பேசுகின்றனவாம்! வேறு சமயமாயிருந்தால் அதை வியந்து ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாமியார் எள்ளுச் சீடைப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். பொட்டலத்தைக் கண்டால் மீனு தவழ்ந்து வந்து பிடுங்குவாள். அவள் தரையில் விளையாடிக்கொண்டிருக்கையில், நிழல்கூட விழாதபடி பின்னால் நின்று, அந்தக் காகிதத்தை மெல்லக் கசக்கினேன். திரும்பவில்லை. "மீனு" என்றேன், தினமும் கூப்பிடுகிற குரலில். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் நீட்டினாள்.

அன்றிரவு பீரோவில் இருந்த பிரசவக் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். பிறந்த மூன்றாம் நாள் அவள் காதைச் சோதித்திருக்கிறார்கள். காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பினால், நல்ல உட்காது அதைவிட மெல்லியதாக ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அதைக் கருவி பிடிக்கும். "தெளிவாக இல்லை, ஒரு மாதத்துக்குள் மறுபடி அழைத்து வரவும்" என்று சீட்டில் எழுதியிருந்தது. பச்சைக் குழந்தையின் காதில் ஈரமிருந்தால்கூட அப்படி வருவதுண்டு. பெரும்பாலும் மறு சோதனையில் சரியாகிவிடும் என்று நர்ஸும் சொல்லியிருந்தாள். பெயர் சூட்டும் விழா, உறவினர் வருகை, என் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தச் சீட்டு பீரோவுக்குப் போய்விட்டது. ஊராருக்கெல்லாம் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறவள் நான்!

ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு இப்படிப் பிறக்கின்றன. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது டாக்டர்களின் கணக்கு. நாங்கள் பத்தாவது மாதத்தில் போய் நின்றோம்.

மீனுவைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். செவிப் பரிசோதனை செய்த அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "தாம்பாளத்துச் சத்தம் இவளுக்குக் கேட்கும். நீங்கள் பேசுவதுதான் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கும்." பத்து மாதமாக நான் கொஞ்சியதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமா! என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினோராம் மாதத்தில் இரண்டு காதுக்கும் ஹியரிங் எய்ட் வந்தது. முதல் நாள் கழற்றி ரசத்தில் போட்டாள். அதன் பொத்தான் பாட்டரியை விழுங்கிவிடப் போகிறாளே என்று எனக்குத் தனிக் கவலை. "பொம்மனாட்டிக் குழந்தைக்கு இது என்ன அலங்காரம்?" என்று முதலில் கண் கலங்கிய மாமியார்தான், பிறகு ஜடை பின்னுகிற மாதிரி தினமும் காலையில் அதை மாட்டிவிட்டார். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச்சு, பேச்சு, பேச்சு. அந்த வேலைக்கு மாமியாரை விடத் தகுதியானவர் இந்தச் சென்னையிலேயே கிடையாது.

பதினாலாம் மாதம் ஒரு விடியற்காலையில் தொட்டிலிலிருந்து "பபப" என்று சத்தம் வந்தது. எதிர் வீட்டுப் பையன் அதற்குள் "பந்து", "நாய்" என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டான். எங்களுக்கு அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. மூன்று பேரும் இருட்டில் தொட்டிலைச் சுற்றி நின்று, மூச்சு விடாமல் கேட்டோம்.

முதல் வார்த்தை வந்த சமயம் நான் ஆபீசில் இருந்தேன். மீனுவுக்கு அப்போது பதினேழு மாதம். மத்தியானம் மாமியார் வழக்கம்போல் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாதம் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டிருக்கிறார். அன்று காக்கை வரவில்லை. இடுப்பிலிருந்த மீனு வெறும் சுவரைப் பார்த்தாளாம், வானத்தைப் பார்த்தாளாம், "கா... கா..." என்று கூப்பிட்டாளாம். சொல்லும்போது மாமியாருக்குப் பேச்சே வரவில்லை.

சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கைப்பையைப் போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். அரை மணி நேரம் "அம்மா சொல்லு, அம்மா" என்று கெஞ்சினேன். என் உதட்டையே உற்றுப் பார்த்தாள். பிறகு ஜன்னலைக் காட்டி, "கா" என்றாள்.