தேவைக்கு முன்னே ஒரு சலாம்



நம் முன்னோர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் சபர் சென்ற காலத்தில், வேலை தேடுவதென்பது ஆளைத் தேடுவதாகவே இருந்தது. அங்கே கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவரின் கடிதம், இங்கே ஓர் இளைஞனின் பிழைப்பாயிற்று. பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் அவ்வழியே நீண்டது. மச்சான் மச்சானை அழைத்தார். சாச்சா அண்ணன் மகனை அழைத்தார். இப்பிணைப்பு நம் குடும்பங்கள் பலவற்றைத் தலைமுறைகளாகத் தாங்கியது. அதற்கு நாம் என்றும் நன்றியுடையோம்.

ஆயினும் இன்று நம் பிள்ளைகள் கற்கும் தொழில்கள் பல, நம் உறவு வட்டம் அறியாதவை. தணிக்கையோ மென்பொருளோ பயின்ற மகளுக்கு, துணிக்கடை நடத்தும் மாமா என்ன வழி காட்ட இயலும்? அவரிடம் அன்பு நிறைய உண்டு. அத்துறையின் செய்திதான் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விளக்குகிறது. தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் பெற்றவர்கள் 16.7 சதவீதமே. ஏனையோருக்கு உதவியவர்கள், எப்போதாவது அல்லது அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்கள். அவர் விசாரித்தவர்கள் சிலரே. ஆனால் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தபோது, ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாற்றத்திற்கு மிகவும் உதவுவதாக அதுவும் கூறியது. காரணம் எளிது. நெருங்கியோர் அறிந்ததைப் பெரும்பாலும் நாமும் அறிந்திருப்போம். புதுச் செய்தி அடுத்த வட்டத்திலிருந்தே வரும்.

நம் குடும்பத்தில் வணிகவியல் முடித்த மகள் ஒருத்தி இரண்டாண்டுகள் வீட்டிலிருந்தாள். அவளுடைய அண்ணனுக்கு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நாலு செய்தி கிடைக்கும். அவளுக்கு அந்த முற்றம் இல்லை. ஒருநாள் அவள் தன் கல்லூரிப் பேராசிரியைக்கு நலம் விசாரித்து எழுதினாள். அவர் தம் பழைய மாணவி ஒருவரை அறிமுகம் செய்தார். அப்பெண்ணிடம் இவள் வேலை கேட்கவில்லை. "உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு எது தெரியாமல் இருக்கிறது?" என்று கேட்டாள். அவர் சொன்னதைக் கற்றாள். கற்றதை மறவாமல் அவருக்குத் தெரிவித்தாள். சில மாதங்களில் அங்கே இடம் காலியானபோது, முதலில் நினைவுக்கு வந்தவள் இவளே. அல்ஹம்துலில்லாஹ்.

'நெட்வொர்க்கிங்' என்று இன்று அழைக்கப்படுவதன் சாரம் இவ்வளவே: தேவை எழுமுன் பழகுதல், கேட்பதைச் சுருங்கக் கேட்டல், பிறர் நேரத்தை மதித்தல், உதவியவருக்கு முடிவைத் தெரிவித்தல், நமக்குத் தெரிந்த வாய்ப்பை மற்றவருக்கும் சொல்லுதல். முன்பு உடன் பணியாற்றியோர், ஆசிரியர்கள், மாற்று மத அண்டை வீட்டார் ஆகியோர் நம் வட்டத்திற்கு அப்பாலுள்ள வாசல்கள். நம் பெண்மக்களுக்கும் அவ்வாசல்கள் திறந்திருக்கின்றனவா என்று வாப்பாமார்கள் கவனித்தல் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. நாம் பரிந்துரைக்கும் இடத்தில் அமர்ந்தால், நம் சொல் ஒரு சாட்சியமாகிறது. நற்காரியத்திற்குப் பரிந்துரைப்பவருக்கு அதில் பங்குண்டு; தீயதற்குப் பரிந்துரைப்பவருக்கும் அதன் சுமையில் பங்குண்டு என்று திருக்குர்ஆன் (4:85) உணர்த்துகிறது. தகுதியற்ற உறவினரைத் திறமைசாலி என்று சொல்லி அனுப்பினால், தகுதியுள்ள ஒருவரின் உரிமை பறிபோகிறது. அடுத்து நாம் அனுப்பும் பிள்ளைக்கும் அக்கதவு சாத்தப்படும். "இப்பிள்ளை நேர்மையானவன்; கணினி இனிமேல்தான் கற்க வேண்டும்" என்று உள்ளதைச் சொல்வதே அமானிதம்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முயல்வது நம் கடமை. இவ்வாரம், நமக்கு எத்தேவையும் இல்லாத இருவரை அழைத்து நலம் விசாரிப்போம்.