மேல்வரிசையில் ‘மனு’

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கே கடை நிறைந்திருந்தது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ள சின்ன டைப்பிங் கடை அது. மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று ஆளுக்கொரு கோரிக்கையோடு நின்றார்கள். கம்ப்யூட்டரில் இருந்த அக்கா லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். திரையின் மேல்வரிசையில் ஃபைல், எடிட், வியூ என்ற ஆங்கிலப் பெயர்களோடு ‘மனு’ என்று தமிழில் ஒரு மெனு. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

திறந்து காட்டினார். அனுப்புநர்–பெறுநர், பொருள், ஒரு பிரிப்புக் கோடு. அப்புறம் டேபிள், புதுப் பக்கம், மறுபடி கோடு. கடைசியில் பிடிஎஃப், பிரிண்ட்.

“மேலேருந்து கீழ வந்தா மனு முடிஞ்சிரும் தம்பி.”

மென்பொருளோடு வரும் மெனு இப்படி இருப்பதில்லை. டேபிள் ஓரிடம், பிரிண்ட் ஓரிடம் என்று கட்டளைகள் இனம்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். இங்கே வேலை நடக்கும் வரிசைதான் மெனுவின் வரிசை. நாள் முழுக்க ஒரே வகைத் தாளை அடிப்பவருக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பதினொன்றரைக்குக் கூட்டம் குறைந்ததும் நாற்காலியை எனக்குத் தந்தார். டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ். திறந்த பெட்டியின் இடப்பக்கம் ரைட்டரின் கட்டளைகள் மொத்தமும், மேலே ஒரு தேடுபெட்டியோடு. வலப்பக்கம் நாம் மாற்றப்போகும் மெனு. நடுவில் அம்புக்குறிகள். இடப்பக்கம் ஒன்றைத் தேர்ந்து அம்பை அமுக்கினால் வலப்பக்கம் சேர்கிறது. எதிர் அம்பு அதை மெனுவிலிருந்து எடுத்துவிடும், ஆனால் கட்டளை அழிவதில்லை. பிரிப்புக் கோடும் துணை மெனுவும் இன்செர்ட் பொத்தானில், பெயர் மாற்றம் மாடிஃபையில்.

பெயரில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபைல் என்பதில் எஃப் எழுத்துக்கு அடியில் கோடு விழுந்து, ஆல்ட்டோடு அதை அமுக்கினால் மெனு திறக்கிறதே, அதற்குக் காரணம் பெயருக்குள் அந்த எழுத்துக்கு முன்னால் இருக்கும் ‘~’ குறி. விண்டோஸ் நிரலாளர்கள் அதே வேலைக்கு ‘&’ போடுவார்கள்.

‘அனுப்புநர்–பெறுநர்’ ரைட்டரோடு வந்த கட்டளையில்லை, அக்கா பதிவு செய்த மேக்ரோ. பதிவு வசதி முதலில் அணைந்தே இருக்கும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பக்கத்தில் அதை இயக்க வேண்டும். பிறகு ஒருமுறை அடித்துப் பதிந்து, மெனுவில் சேர்த்து, தமிழில் பெயர் வைத்திருக்கிறார்.

மாற்றத்தை ரைட்டர் முழுக்கவும் வைக்கலாம், ஒரே ஒரு ஆவணத்தோடும் நிறுத்தலாம். ஸ்கோப் என்ற இடத்தில் தேர்வு. அக்கா ரைட்டருக்கே வைத்திருந்தார். அப்போது மெனு பயனர் கோப்புறைக்குள் ‘மெனுபார்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பாக உட்காருகிறது. கடையின் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு அதை நகலெடுத்தபோது மெனு வந்துவிட்டது, மேக்ரோ வரவில்லை. அது ‘பேசிக்’ என்ற வேறு கோப்புறையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு சாயங்காலம் ஆனதாம்.

வேர்டு 2003 வரை கஸ்டமைஸ் பெட்டி திறந்திருக்கும்போது மெனுவையே மவுஸால் பிடித்து இழுத்து நகர்த்த முடிந்தது. கண்முன் இருப்பதைக் கையால் மாற்றும் அந்த முறை இந்த இரட்டைப் பட்டியலைவிட எளிது. எல்லா மென்பொருளிலும் அது இருக்க வேண்டும்.

அக்கா கேட்டபடி பக்க எண்ணைத் தேடிச் சேர்த்தேன். பிரிண்ட்டுக்குக் கீழே போய் நின்றது. அவர் மவுஸை வாங்கி, மேல் அம்பை இரண்டு தடவை அமுக்கி, பிடிஎஃபுக்கும் மேலே ஏற்றினார்.

“பிரிண்ட் போன பொறவு நம்பர் போட முடியாதுல்லா?”

ஓகே கொடுத்தார். வாசலில் ஒரு பெரியவர் பழைய பட்டா நகலைப் பிரித்துக்கொண்டிருந்தார். “வாங்கய்யா, உக்காருங்க” என்றபடி ‘மனு’வின் முதல் வரியை அமுக்கினார்.